இல்லறப் பகுதி: பற்ற மறுக்கும் கீசர்

மார்கழி பிறந்துவிட்டால் செம்பூரிலும் மாதுங்காவிலும் அதிகாலை ஸ்நானத்திற்கு வெந்நீர் வேண்டும். தீபாவளியன்று கேட்கவே வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஐந்தாறு பேர் வரிசையில் காத்து நிற்பர். அப்போது பார்த்துத்தான் காஸ் கீசர் பற்ற மறுக்கும். உடனே மெக்கானிக்கைத் தேடி ஓடுமுன் வீட்டாரே ஆராயத்தக்கவை சில உண்டு. அவற்றை இம்மாதம் கூற விரும்புகிறோம்.

குழாயைத் திறந்ததும் காதைத் தீட்டிக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று பொறி தெறிக்கும் ஓசை வருகிறதா? வரவில்லையெனில், குற்றம் பெரும்பாலும் பாட்டரியில் இருக்கும். கீசரின் அடியில் பெரிய டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரிகள் இரண்டு இருக்கின்றன. குளியலறை ஈரத்தில் அவற்றின் முனைகளில் பச்சை பூத்துவிடும். துடைத்துவிட்டுப் புதியவற்றை இட்டால் பாதி வீடுகளில் தொல்லை அன்றே தீர்ந்துவிடும்.

பாட்டரி புதிதாயிருந்தும் ஓசையில்லையெனில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கீசரினுள் ஒரு ரப்பர்த் தகடு உண்டு. நீர் வேகமாக வந்து அதைத் தள்ளினால்தான் ஸ்விட்ச் இயங்கும், காஸும் திறக்கும். நீரோட்டமின்றிச் செப்புக்குழாய் காய்ந்து கருகிவிடக் கூடாதென்பதற்காக இந்த ஏற்பாடு. மேல்நாடுகளில் நீச்சல் குளங்களைச் சூடாக்கும் பெரிய யந்திரங்களிலும் இதே நியதிதான்; அங்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டால் அடுப்பு பற்றாது. நம்மூரில் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல்மாடியில் குடியிருப்போருக்கு நீரின் வேகம் குறைவு. கீசருக்குள் நீர் நுழையுமிடத்திலுள்ள சிறு சல்லடையில் மண்ணும் துருவும் சேர்ந்தாலும் இதே கதிதான். அதைக் கழற்றிக் கழுவலாம். ஷவரை விட்டுவிட்டு வாளிக் குழாயைத் திறந்து பார்ப்பதும் நல்ல சோதனை.

ஓசை வருகிறது, தீ இல்லை என்றால் காஸ் வந்து சேரவில்லை என்று பொருள். வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் மாற்றிய அன்று குழாயினுள் காற்று நின்றிருக்கும். இரண்டொரு முறை முயன்றால் பற்றும். அதற்குமேல் விடாது முயல்வது தகாது. எரியாத காஸ் உள்ளே தேங்கி, பின்பு பற்றும்போது 'டப்' என்று வெடிப்பொலியுடன் பற்றும். சிலிண்டர்க் காஸ் காற்றினும் கனமானது; தரையோரம் தங்கும். குழாய்க் காஸ் இலேசானது, மேலெழும். நாற்றம் எதுவாயினும் சாளரத்தைத் திறந்துவிடுங்கள்; மின்விளக்கு ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

பம்பாயில் 1865-இல் தெருவிளக்குகளுக்கு வந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த காஸ். மகாநகர் காஸ் நிறுவனம் ஏற்பட்டது 1995-இல். அது குழாய் வழியாக வழங்குவது இயற்கை வாயு. சிலிண்டரை விட்டுக் குழாய்க் காஸுக்கு மாறிய வீட்டார் பழைய கீசரை அப்படியே இணைத்துவிடுவதுண்டு. அது சரிப்படாது. ஒரே அளவு இடத்தில் இயற்கை வாயு தரும் வெப்பம் குறைவாதலால் அதற்குப் பெரிய துவாரமுள்ள நாஸில் தேவை. கம்பெனியாரைக் கேட்டு, மாற்ற இயலும் மாடலாயின் மாற்றுங்கள். இயலாதெனில் வேறு கீசர் வாங்குவதே வழி.

இனி நாம் முக்கியமாகக் கருதும் விஷயத்திற்கு வருவோம். சில கீசர்கள் நன்றாகப் பற்றி, சில நிமிடங்களில் தாமே அணைந்துவிடும். பல மாடல்களில் இருபது நிமிடத்தில் அணையும்படி அமைத்தே அனுப்புகிறார்கள், அது கோளாறன்று. அதற்கு முன்பே அணைந்தால், அறையில் பிராணவாயு குறைந்ததை அறிந்து யந்திரம் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கலாம். இதைத் தொந்தரவென எண்ணி, அந்தக் காவல் கருவியின் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டுப் போகும் மெக்கானிக்குகளும் உண்டு. அவ்வாறு செய்ய ஒருபோதும் அனுமதியாதீர்கள்.

மூடிய சிறு அறையில் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு பற்றவேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்ளும். 2023 மார்ச்சில், ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கச் சென்ற காட்கோபர்த் தம்பதியர் குளியலறையில் இறந்து கிடந்தனர். கீசர் வாயுவே காரணமாயிருக்கலாமென்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவரைக் காக்காய் வலிப்பென்று எண்ணி மருந்து கொடுத்து, பின்பு கீசரே காரணமென்று கண்ட செய்திகளை நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர்.

ஆகவே கீசருக்குரிய இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியோ பயன்பாட்டு மூலையோதான். வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும் தாராவியின் ஒற்றை அறை வீடுகளிலும் மோரிக்கு வெளிச்சுவரே இராது. அத்தகைய வீட்டில் காஸ் கீசர் வேண்டாமென்பதே நம் துணிபு. மின்சாரக் கீசரோ, அடுப்பில் வைத்த அண்டாவோ போதும். மற்றவர்களும் சுடரைக் கவனித்து வாருங்கள். நீலமாயிருந்தால் நல்லது, மஞ்சளாகிக் கரி படிந்தால் உபயோகத்தை நிறுத்திப் பழுது பாருங்கள்.

குளிக்கச் சென்றவர் கூப்பிட்டும் பதில் தராவிடில் கதவை உடைக்கத் தயங்காதீர்கள். உள்ளே நுழைபவர் மூச்சை அடக்கிக்கொண்டு, காஸை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிவர வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகக் கீசர் எரிந்துகொண்டிருந்ததைச் சொல்லுங்கள்; விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இந்த விஷத்தைப் பிராணவாயுவிலிருந்து பிரித்தறியாது, எல்லாம் சரியாயிருப்பதாகவே காட்டும்.