நொண்டும் மாட்டை முதலில் காண்பவர்

கறவை மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டப்படுகிறது. அந்த எண்ணின்கீழ் மாட்டின் இனம், வயது, தடுப்பூசி, உரிமையாளர் ஆகிய விவரங்கள் அரசின் கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. அம்மாட்டின் கொட்டிலைக் கூட்டி, சாணம் அள்ளி, தீவனம் வைக்கும் கூலித் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. தமிழகக் கிராமங்களில் இவ்வேலை நெடுங்காலமாக நிலமற்ற தலித் குடும்பங்களின் மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது. இந்தப் புறக்கணிப்பின் விலை என்ன என்பது மாடு நொண்டத் தொடங்கும்போது தெரிகிறது.

நொண்டுதல் பல நேரங்களில் மெல்லத் தொடங்குகிறது. மாடு நடக்கையில் முதுகை வளைக்கும்; நிற்கையில் பாரத்தைக் கால் மாற்றிக்கொண்டே இருக்கும்; தீவனம் வைத்தாலும் எழத் தயங்கும். பால் குறைவது பெரும்பாலும் அதன் பின்னரே கவனத்துக்கு வருகிறது. சாணமும் ஈரமும் தேங்கிய சிமெண்டுத் தரை, சீவப்படாமல் நீண்ட குளம்பு, வைக்கோலைக் குறைத்து அளவுமீறித் தரப்படும் அடர்தீவனம் ஆகியவை முக்கியக் காரணங்கள். கோமாரி நோய்க்கு 2019 முதல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. ஈரத் தரைக்குத் தடுப்பூசி கிடையாது. அத்தரையில் மாட்டோடு நாள்தோறும் நிற்பவர் தொழிலாளியே.

இங்கிலாந்தில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தம் மாடுகளில் சுமார் 6 சதவீதமே நொண்டுவதாகப் பண்ணையாளர்கள் மதிப்பிட்டனர். ஆய்வாளர்கள் கண்டதோ சுமார் 22 சதவீதம். உடைமையாளருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையை இது தகர்க்கிறது. தொழிலாளியின் கண் பிழையற்றது என்று நாம் வாதிடவில்லை. காலை ஊன்றவே இயலாத மாட்டை மட்டும் நொண்டி எனக் கொள்ளும் பழக்கம் எவரிடமும் உண்டு. அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது. ஆனால், பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆவது பால் ஊற்றும் மாட்டுக்காரர். பயிற்சிக்கான அழைப்பும் அவருக்கே செல்கிறது. தொழிலாளி கண்டதைச் சொன்னாலோ, "நீ கவனிக்காததால்தான்" என்ற பழி அவர் தலையில் விழுகிறது. வாய்மூடியிருப்பதே அவருக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது. இதை அறியாமை என்று பெயரிடுவது அநீதி.

மாடு உயிரோடிருக்கையில் தலித்தின் சொல்லைக் கேளாத ஊர், அது செத்ததும் அவரைத் தேடி ஆள் அனுப்புகிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் விலங்கின் சடலத்தை அகற்றச் செய்வது, 2015-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். பிணத்தைச் சுமக்க மறுக்கும் உரிமையைச் சட்டம் தந்துள்ளது. நோயைக் கண்டறியும் அறிவுக்கு மதிப்பும் கூலியும் கோரும் உரிமையை நாம்தான் போராடிப் பெற வேண்டும்.

குளம்புப் பராமரிப்புப் பயிற்சி, கூலி இழப்பின்றித் தொழிலாளர்களுக்கு அளிக்கப்பட வேண்டும். கால்நடை மருத்துவரை நேரடியாக அழைக்கும் அதிகாரமும், பதிவேட்டில் பராமரிப்பாளர் என்ற இடமும் அவர்களுக்கு வேண்டும். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் ஊர்க் கொட்டில்களிலிருந்து இக்கோரிக்கையைத் தொடங்கலாம்.