அம்மாவின் வண்டியும் சிவப்பு எண்ணெயும்

போன மாதம் அம்மா போன் செய்தார். “கண்ணு, வண்டி முன்ன மாதிரி இல்ல. டி-க்குத் தள்ளினா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் கிளம்புது.”

அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இடது கால் ரொம்ப மோசம். கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது இருந்த காரை விற்றுவிட்டு, 2009 மாடல் ஆட்டோமேட்டிக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். பிரதோஷத்துக்குப் பேரூர், மாதம் ஒரு தடவை பொள்ளாச்சியில் சித்தி வீடு, நடுவில் கண் டாக்டர் என்று எல்லா இடத்துக்கும் தானே ஓட்டிப் போய் வருகிறார். “கொஞ்சம் கொண்டுபோய் விடுப்பா” என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அந்த வண்டி நின்றால் அம்மாவின் நடமாட்டமும் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமையே கோவைக்குப் போனேன்.

முதலில் காட்டிய இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸ் போச்சு, மாத்தணும், ஒன்றரை லட்சம் ஆகும்” என்றார்கள். வண்டியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும், அதனால் கொடுத்துவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார்கள். எண்ணெயை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அது லைஃப் டைம் ஆயில் சார், அதை யாரும் தொட மாட்டாங்க” என்று பதில் வந்தது.

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம் ஊரில் பல பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் காயலான் கடைக்குப் போகின்றன. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறை இருப்பதாக நண்பர் சொன்னார். அங்கிருந்த மெக்கானிக் அம்மாவிடம்தான் முதலில் பேசினார். “எப்ப யோசிக்குதுங்க டீச்சர்? காலைல மொத தடவையா, சூடானப்புறமா? ரிவர்ஸ்லயும் அப்படித்தானுங்களா?” டாக்டர் விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு இன்ஜினைச் சூடாக்கி, எண்ணெய் அளவுகோலை உருவி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு விட்டார்.

புது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் பெரும்பாலும் ரோஜாப்பூ சர்பத் மாதிரி சிவப்பாக இருக்கும். கசிந்தால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துத் தெரிய வேண்டும் என்றே அதற்குச் சாயம் போடுகிறார்கள். எங்கள் காகிதத்தில் விழுந்தது பழைய பில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கருகிப்போன நாற்றம் இல்லை. “கருகல் வாசம் அடிச்சிருந்தா உள்ள கிளட்ச் தட்டுங்க எரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இது வெறும் வயசான எண்ணெய்ங்க” என்றார்.

டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். அதன் நுனியில் காந்தம் இருக்கிறது. அதில் கறுப்பாக, கண்மை போலக் குழைந்த ஒரு படிவு. விரலில் தேய்த்துக் காட்டினார், நெறுநெறுப்பே இல்லை. இந்த மை வருடக்கணக்கில் ஓடிய கியர் பெட்டியில் இருக்கத்தான் செய்யும். மினுங்கும் இரும்புத் துண்டோ சிலும்போ ஒட்டியிருந்தால்தான் பயப்பட வேண்டும். “பெட்டி நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். எண்ணெய மாத்தாம வெச்சிருக்கீங்க” என்றார். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

இந்தப் பெட்டிக்குள் எண்ணெய்க்கு எத்தனை வேலை என்று தெரிந்தால், அதை மாற்ற வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. சாதாரண காரில் இன்ஜினையும் கியரையும் இணைப்பது கிளட்ச் தட்டு. ஆட்டோமேட்டிக்கில் வண்டி கிளம்பும்போது இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணெய் மட்டுமே. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் சக்கரம் எண்ணெயை வீசுகிறது, அந்த வீச்சில் எதிரே இருக்கும் சக்கரம் சுற்றுகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905இல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்த வழி இது. கியரை மாற்றுவதும் இதே எண்ணெயின் அழுத்தம்தான். தேய்மானத்தைத் தடுப்பது, சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குவது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்காமலும் உதறாமலும் பிடிக்கத் தேவையான உராய்வைத் தருவது என எல்லாமே அதன் பொறுப்பு.

அந்த உராய்வுக் குணத்துக்காக ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயை இதில் கலந்தார்கள். திமிங்கிலங்களைக் காக்க 1970களின் தொடக்கத்தில் தடை வந்தபோது, அதற்கு ஈடான ரசாயனத்தைத் தேடி எண்ணெய் நிறுவனங்கள் பாடுபட்டன. இவ்வளவு நுணுக்கமான எண்ணெய்க்குப் பதிலாகக் கடையில் இருக்கும் ஏதோ ஒரு சிவப்பு எண்ணெயை ஊற்றக் கூடாது. உங்கள் காரின் கையேட்டில் எந்தப் பெயர் போட்டிருக்கிறதோ அதுதான் வேண்டும். சி.வி.டி. என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு வேறு எண்ணெய். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதில் இயந்திரம் செய்கிறது. ஆகவே அதன் பராமரிப்பும் வேறு.

‘ஆயுளுக்கும் போதும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கையேட்டில் ‘சாதாரணப் பயன்பாடு’ என்ற தலைப்பில் அப்படித் தோன்றுமாறு எழுதியிருப்பார்கள். அதன் கீழேயே ‘கடுமையான பயன்பாடு’ என்று சின்ன எழுத்தில் இன்னொரு பட்டியல் இருக்கும். 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, மலைப்பாதை, அடிக்கடி குறுகிய தூரப் பயணம், புழுதி என்று பல கையேடுகள் அடுக்குகின்றன. டவுன் ஹால் நெரிசலும் சித்திரை வெயிலும் மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றமும் அதில் அடக்கம். நம்மைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது பட்டியல்தான் நம் பட்டியல். 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மாற்றிவிடுவது நம் வெயிலுக்கு நல்லது. அம்மாவின் வண்டி 86,000 ஓடியிருந்தது. ஒரு தடவைகூட மாற்றவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. நானும்தான் அந்தப் பேச்சை நம்பினேன்.

எப்படி மாற்றுவது என்பதும் முக்கியம். அம்மாவின் வண்டிப் பெட்டியில் மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும். போல்ட்டைக் கழற்றினால் இரண்டரை லிட்டர்தான் வெளியே வரும், மீதி உள்ளேயே தங்கிவிடும். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவலாமா என்று கேட்டேன். “ரொம்ப நாள் மாத்தாத பெட்டில அழுத்தம் குடுத்தா, அடில கெடக்கற அழுக்கு போய் சந்துல அடைச்சுக்குங்க” என்று மறுத்துவிட்டார். வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும், இப்படி மூன்று தடவை. அம்மா பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒரு தடவை வடித்தால் பழசில் பன்னிரண்டில் ஏழு பங்கு மிச்சம். மூன்று தடவைக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. “அப்ப எண்பது சதவீதம் புதுசு. போதும்” என்று சொல்லி பேனாவை மூடினார்.

முதல் தடவை மாற்றியதுமே யோசிப்பது குறைந்தது. மூன்றாவது தடவையோடு அது நின்றே போனது. ரிவர்ஸ் போடும்போது மட்டும் ‘டொக்’கென்று ஒரு அடி மிச்சம் இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது, கியர் பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய், மவுண்ட், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது.

எல்லாப் பெட்டியும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே கவனித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பதைச் சொல்கிறேன். இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்றால் உள்ளே வழுக்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது கரடுமுரடான சாலையில் ஓடுவது போல அதிர்ந்தால், பழைய எண்ணெயாக இருக்கலாம். நிறுத்திய இடத்தில் சிவப்புச் சொட்டு தெரிந்தால் அன்றே காட்டுங்கள். எண்ணெய் இளஞ்சிவப்புப் பால் போல ஆகியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். திடீரென ஒரே கியரில் மாட்டிக்கொண்டால் முதலில் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் உள்ளே பம்ப் எண்ணெயைத் தள்ளும், இல்லாவிட்டால் உள்பாகங்கள் காய்ந்தபடி உரசும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கிளட்ச் மிதி இல்லாத முதல் பெருவாரி உற்பத்திக் கார் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல், 1940 மாடல். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பிய வீரர்கள் ஓட்டுவதற்கு அது தோதாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் கார் வாங்க ஆளுக்கு 1,600 டாலர் வரை தர 1946இல் அந்நாட்டு அரசு சட்டம் செய்தது. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் இடது கால்தான் நினைவுக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் காரைச் சோம்பேறிகளின் வண்டி என்று சொல்பவர்கள், முழங்கால் போன ஒருவர் அதில் தனியாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். உள்பக்கம் அம்மா ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார். கரும்பலகையில் எழுதும் அதே முத்து எழுத்து: ‘கியர் எண்ணெய் மாற்றியது 86,900. அடுத்தது 1,26,900.’ நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்ட அம்மாவுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை. அவர் போட்டுத்தான் எழுதியிருப்பார்.