கூட்டுத் தயாரிப்பு வண்டியை வாங்கலாமா?

கேள்வி: இரண்டு நிறுவனங்கள் கூட்டாகத் தயாரிக்கும் சரக்கு வண்டியை வாங்கினால், கூட்டு முறிந்தபின் உதிரிபாகம் கிடைக்குமா?
– காய்கறி விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: புது வண்டியை வடிவமைத்துத் தயாரிக்கப் பெரும் முதலீடு வேண்டும். அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளவே நிறுவனங்கள் கைகோக்கின்றன. அசோக் லேலண்டும் ஜப்பானின் நிசானும் 2007-ல் அப்படிச் சேர்ந்தன. 2011-ல் 1.25 டன் சுமக்கும் ‘தோஸ்த்’ ஓசூர் ஆலையிலிருந்து வந்தது. 2013-ல் ‘ஸ்டைல்’ என்ற வேன் ஒரகடத்தில் தயாரானது.

விற்பனை குறைந்ததால் ஸ்டைல் தயாரிப்பு 2015-ல் நின்றது. 2016-ல் கூட்டும் முறிந்தது. நிசானின் பங்குகளை லேலண்டே வாங்கிக்கொண்டது. ஆனால் வாங்குவோர் இருந்ததால் தோஸ்த் தொடர்ந்து வந்தது. ஆகவே கூட்டு நீடிக்குமா என்பதைவிட, அந்த வண்டி சந்தையில் நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

வாங்கும் முன் கவனிக்க:
• உங்கள் பகுதியில் அந்த வண்டி எத்தனை ஓடுகிறது?
• கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ போன்றவை பக்கத்து ஊர்க் கடையில் இருப்பில் உள்ளனவா?
• வாரண்டிக்குப் பொறுப்பு எந்த நிறுவனம்? எழுத்தில் வாங்குங்கள்.

புது மாடல் என்றால் ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது நல்லது. உதிரிபாகத்துக்காக வண்டி நின்றால், பறித்த தக்காளி காத்திருக்காது. கடன் தவணையும் காத்திருக்காது.