பிறந்த மாகாணத்திலேயே வாழ்நாளைக் கழிப்பதன் குறைபாடுகள்

வினா: "பிறந்த மாகாணத்தை விட்டு நீங்காமல் வாழ்வது பாதுகாப்பானது, ஆனால் அது மனிதனின் வளர்ச்சிக்குப் போதுமானதன்று." இக்கூற்றுப் பற்றிய உமது கருத்தைக் கட்டுரையாக எழுதுக.

கருத்திற் கொள்ள வேண்டியவை: சொந்த மண்ணின் சிறப்பு – கல்வி – தொழில் – மொழி – ஊரார் பார்வை – அலுவலகப் பக்கச்சார்பு – எதிர்க்கருத்து – முடிவு

மாதிரிக் கட்டுரை

பிறந்த மண்ணின் மீது பற்றுக் கொள்ளாத மனிதர் இல்லை. தவழ்ந்த முற்றம், தண்ணீர் அள்ளிய கிணறு, திருவிழாக் கண்ட கோயில் வீதி, ஏடு தொடக்கிய இடம் என்பன ஒருவரின் மனத்தை விட்டு இலகுவில் அகலுவதில்லை. நோய் வந்தால் அயலவர் ஓடி வருவர். மரணம் நேர்ந்தால் ஊரே கூடும். இவை பணம் கொடுத்துப் பெறமுடியாத பேறுகள். எனினும் எப்பேற்றுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிறந்த மாகாணத்திலேயே கற்று, அங்கேயே தொழில் தேடி, அங்கேயே முதுமை அடையும் ஒருவர் தாம் அறியாமலே சிலவற்றை இழக்கின்றார். அவ்விழப்புக்கள் எவை என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இலங்கை 9 மாகாணங்களையும் 25 மாவட்டங்களையும் கொண்ட சிறியதொரு தீவு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவில் பேருந்து ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வரவும், விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உள்ள சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதன் 14ஆம் உறுப்புரையில் ஏற்றுக்கொண்டுள்ளது. இருந்தும் எம்மில் பலர் அயல் மாகாணத்தை ஓர் அந்நிய நாடாகவே எண்ணுகின்றனர். ரொறன்ரோவில் மாமா வசிக்கும் வீதியின் பெயரைத் தவறின்றிச் சொல்லும் மாணவனிடம் மாத்தறை எத்திசையில் உள்ளது என்று கேட்டால் தடுமாறுவான். கடல் கடந்து செல்வதைக் கனவாகக் கொண்ட குடும்பங்கள்கூட, பக்கத்து மாகாணத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குகின்றன.

இத்தயக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலாகும். ஏ-9 வீதி 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டது. யுத்தம் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவடையும் வரை பயணம் என்பது சோதனைச் சாவடியும் அனுமதிப் பத்திரமும் அச்சமுமாகவே இருந்தது. இக்காலத்தில் இளமையைக் கழித்தவர்களே இன்று பெற்றோராக உள்ளனர். ஆதலால் அவர்களது அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆனால் பாதை திறந்த பின்னரும் மனக்கதவு மூடியிருக்குமாயின் அதன் விலையைச் செலுத்துபவர்கள் பிள்ளைகளே என்பதையும் சொல்லாதிருக்க முடியாது.

முதலாவதாகக் கல்வியை எடுத்துக் கொள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மாடு வளர்க்கும் குடும்பமொன்றில் பிறந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கன்று ஈனும்போது வேதனைப்படும் பசுவைக் கண்டு வளர்ந்த அவள், கால்நடை மருத்துவராக வேண்டும் என்று விரும்புகிறாள். அப்பட்டப் படிப்புக்கு அவள் மத்திய மாகாணத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்களுக்கு மாவட்ட அடிப்படையில் இடம் ஒதுக்கப்படுகின்றது. அவ்வாறு அவளுக்கு இடமும் கிடைக்கின்றது என்று வைத்துக் கொள்வோம். அவ்வேளையில் தந்தை சொல்கிறார்: "எங்கட பக்கத்திலை கிடைக்கிறதைப் படி பிள்ளை. தூர இடத்திலை தனிய என்னெண்டு இருப்பாய்?" அன்பினால் சொல்லப்பட்ட சொல்தான் அது. ஆயினும் மாவட்ட ஒதுக்கீடு தந்த வாய்ப்பை மாகாண எல்லை பறித்துவிடுகின்றது. இழப்பு அவளுக்கு மட்டுமன்று. அவள் ஊரை விட்டுப் போகாத காரணத்தினால் ஊருக்கே ஒரு மருத்துவர் இல்லாமற் போகின்றார். கட்டடக்கலை கற்க மொறட்டுவைக்குச் செல்ல வேண்டிய மாணவனின் நிலையும் இத்தகையதே.

இரண்டாவது தொழில் வாய்ப்பாகும். இலங்கை மத்திய வங்கியின் மாகாண ரீதியான கணக்கீடுகளின்படி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகமானது மேல் மாகாணத்துக்கு உரியது. வட மாகாணத்தின் பங்கோ இருபதில் ஒரு பங்கு என்ற அளவிலேயே உள்ளது. தொழிற்சாலைகளும் வங்கிகளின் தலைமையகங்களும் தகவல் தொழினுட்ப நிறுவனங்களும் ஓரிடத்தில் குவிந்திருப்பது நீதியன்று. அது மாற்றப்பட வேண்டியது. ஆனால் அம்மாற்றம் வரும்வரை ஊரிலேயே ஓர் அரச நியமனம் கிடைக்கும் என்று காத்திருக்கும் பட்டதாரி தமது இருபதுகளின் சிறந்த ஆண்டுகளைக் காத்திருப்பதிலேயே செலவிடுகிறார். வேறு மாகாணத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர் தொழில் அனுபவத்தோடு ஊர் திரும்பும்போது, காத்திருந்தவரிடம் விண்ணப்பப் படிவங்களின் பிரதிகளே எஞ்சியிருக்கும்.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த ஊரில் சில தொழில்களைச் செய்ய எமக்கு வெட்கம். "அவற்றை மகன் படிச்சுப் போட்டு கடையிலை நிக்கிறான்" என்று நாலு பேர் சொல்வார்களே என்ற எண்ணம் கையைக் கட்டிவிடுகின்றது. அதே இளைஞன் இலண்டனில் எரிபொருள் நிரப்பு நிலையத்திலோ உணவகத்திலோ இரவு பகலாக உழைக்கத் தயங்குவதில்லை. தொழிலில் இழிவில்லை என்பதை அவன் அறிவான். அறிந்ததைச் சொந்த ஊரில் செயற்படுத்த மட்டும் முடிவதில்லை.

மூன்றாவது குறைபாடு மொழி சார்ந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. சிங்களம் பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் வகுப்பறையில் கற்ற மொழி பேசுவதற்கு ஆளின்றி நாவிலேயே உலர்ந்துவிடுகின்றது. சிங்களம் பேசும் ஒருவரை நண்பராகப் பெறாமலே பாடசாலை வாழ்வை முடிக்கும் தமிழ் மாணவர் பலர். தமிழ் பேசும் ஒருவரோடு பழகாமலே வளரும் தென் மாகாண மாணவரும் பலர். இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் பத்திரிகைச் செய்தியின் வழியே மட்டும் அறிகின்றனர். ஓரறையில் தங்கிப் படித்து, ஒரே பானையில் சோறு உண்டவர்களிடம் வதந்தி எளிதில் எடுபடாது. ஓரினத்தார் மற்றோரினத்தாரை அறியாதிருந்ததற்கு இந்நாடு கொடுத்த விலை சிறியதன்று.

நான்காவதாக ஊராரின் பார்வையைக் குறிப்பிடலாம். ஊரில் ஒருவர் எப்போதும் "இன்னாரின் பிள்ளை" ஆவார். குடும்பத்தின் பெயரும் சாதியும், பழைய காணி வழக்கும்கூட அவர் வாய் திறக்கும் முன்னரே அவரைப் பற்றிப் பேசிவிடும். பதினாறு வயதில் கணிதத்தில் சித்தியடையாதவனை நாற்பது வயதிலும் "அவன் கணக்கிலை குண்டு விட்டவன்" என்றே நினைவுகூருவர். மறுபுறம், உண்மையான திறமையும் அருகிலிருப்பதனாலேயே மதிப்பிழக்கின்றது. "முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை" என்று எம்மூதாட்டியர் சொல்வது இதனைத்தான். அறிமுகமற்ற ஓரிடத்திலேயே ஒருவர் தமது சொந்தப் பெயரால் அறியப்படுகின்றார். அங்கே அவரது உழைப்பே அவருக்கு முகவரி.

ஐந்தாவது, பொதுப்பணியில் எழும் சிக்கலாகும். சொந்த ஊரிலேயே பதவி வகிக்கும் அலுவலரிடம் உறவினர் வருவர், அயலவர் வருவர், கூடப் படித்தவர் வருவர். "நீ எங்கட ஆள்தானே" என்ற சொல்லுக்கு முன்னால் சட்டம் தலைகுனியும். அவர் நேர்மையாக நடந்தாலும் "பதவி வந்ததும் ஆளை மறந்திட்டான்" என்ற பழி வரும். சலுகை காட்டினாலோ வரிசையில் காத்து நிற்கும் வறியவர் பாதிக்கப்படுவார். அரச சேவையில் இடமாற்றம் என்ற ஏற்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நாம் அதனைத் தண்டனையாகவே கருதப் பழகிவிட்டோம்.

பிறந்த இடத்தை விட்டு நீங்காமை சிலருக்கு விருப்பம், சிலருக்கோ கட்டாயம். மலையகத் தோட்டங்களில் வாழும் எமது சகோதரர்களை நோக்குங்கள். பிறந்த லயமும் வேலை செய்யும் மலையும் ஒரே தோட்டத்துக்குள் அடங்கியவை. வேலையை விட்டால் குடியிருப்பும் கேள்விக்குறியாகும் என்ற நிலையில் தலைமுறைகள் கழிந்துள்ளன. அவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்ட எல்லைக்கு அப்பால் செல்லும் கல்வி என்பது வெறும் முன்னேற்றமன்று, விடுதலையாகும்.

இனி எதிர்க்கருத்தையும் நோக்குவோம். "எல்லாரும் வெளியேறினால் ஊர் என்னாவது? முதிய பெற்றோரைப் பார்ப்பவர் யார்?" என்று சிலர் வினவுவர். இது நியாயமான வினாவே. இளைஞரின்றி வயல்கள் தரிசாகிய ஊர்களையும், பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டிலிருக்கப் பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் தாயையும் நாம் கண்டிருக்கிறோம். மேலும், ஊரை விட்டு நீங்கிய எல்லாரும் விரும்பி நீங்கியவரல்லர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். சொந்த வீட்டின் நிலைப்படியை மீண்டும் மிதிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் சொந்த ஊரின் குறைகளை எடுத்துரைப்பது எளிதன்று.

ஆனால் விரட்டப்படுவதும் விரும்பிச் சென்று வருவதும் ஒன்றல்ல. விரட்டப்பட்டவர் திரும்பும் உரிமையை இழக்கிறார். விரும்பிச் செல்பவர் அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டே செல்கிறார். இக்கட்டுரை வேண்டுவது ஊரைத் துறப்பதையன்று. கல்விக்காகவோ தொழிலுக்காகவோ சில ஆண்டுகளேனும் வேறொரு மாகாணத்தில் வாழ்ந்து, அங்கு பெற்றதோடு ஊரை நோக்கித் திரும்புவதையே அது வேண்டுகின்றது. திரும்ப இயலாதவர்களும் தமது அறிவால் ஊருக்கு உதவலாம்.

இதற்குச் சுவாமி விபுலானந்தரின் வாழ்வு தக்க சான்றாகும். 1892ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணத்தின் காரைதீவில் பிறந்த அவர் கொழும்பில் கற்றார், யாழ்ப்பாணத்தில் கற்பித்தார், சென்னையில் துறவு பூண்டார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943ஆம் ஆண்டிலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். எங்கு சென்றபோதும் பிறந்த மாகாணத்தை அவர் மறக்கவில்லை. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயம் இன்றும் மாணவருக்குக் கல்வி அளிக்கின்றது. 1947ஆம் ஆண்டில் மறைந்த அவர் துயில்கொள்வதும் அம்மண்ணிலேயே. அவர் காரைதீவை விட்டு நீங்காதிருந்தால் காரைதீவுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு நல்ல மனிதர் மட்டுமே. நீங்கியதனால் தமிழுலகுக்கு ஓர் அறிஞரும் மட்டக்களப்புக்கு ஒரு பாடசாலையும் கிடைத்தன.

எனவே, பிறந்த மாகாணத்தில் வாழ்வது தவறன்று. வேறெதையும் அறியாமல் அங்கு வாழ்ந்து முடிப்பதே குறைபாடாகும். கிணற்றுத் தவளைக்குக் கிணறு பகையன்று. அதற்கு நீரும் நிழலும் தருவது கிணறே. ஆனால் வானம் கிணற்று வாயளவுதான் என்று அத்தவளை நம்புவதுதான் தீங்கு. சாதாரண தரப் பரீட்சையின் பின் உங்கள் முன்னால் பல பாதைகள் திறக்கும். அவற்றுள் ஒன்று அயல் மாகாணத்துக்குச் செல்வதாக இருந்தால், தூரத்தை மட்டும் காரணமாகக் கொண்டு அதனை மூடிவிடாதீர்கள். பெற்றோருடன் அமர்ந்து பேசுங்கள். அவர்களது அச்சத்தைச் செவிமடுங்கள். உங்கள் விருப்பத்தையும் சொல்லுங்கள். வெளியே சென்று பார்த்தபின் சொந்த ஊரையே தெரிவு செய்பவரின் ஊர்ப்பற்று, வேறு வழியின்றி அங்கு தங்கியவரின் பற்றிலும் உறுதியானது.

பயிற்சி

1. சொந்த மாகாணத்திலேயே வாழ்வதனால் ஏற்படுவனவாக இக்கட்டுரை கூறும் குறைபாடுகள் ஐந்தினைச் சுருக்கமாக எழுதுக.
2. "முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை" என்னும் பழமொழியை உமது ஊரில் நீர் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. இக்கட்டுரையின் கருத்தை மறுத்து, "சொந்த ஊரே சொர்க்கம்" என்னும் தலைப்பில் விவாத உரை ஒன்றைத் தயாரிக்குக.