பாதியில் நின்ற பெயர்



சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கில் ஓர் அன்பியக் கூட்டம். இறைவார்த்தைப் பகிர்வு முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு ‘கார்கி’ திரைப்படத்தின் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்திருந்த ஒரு பாட்டி, “இந்த அசிங்கத்தையெல்லாம் எதுக்கு சாமி படமா எடுக்குறாங்க? பிள்ளைங்க பார்த்தா கெட்டுப் போயிடாதா?” என்று கேட்டார். சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வேறு சிலர் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. பாட்டியின் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைத் தேடியதே இந்தச் சிந்தனை.

காலம் ஆற்றாத காயம்

“சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்.” பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தையைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல் இதுதான். இந்த ஆறுதல் பொய் என்பதைச் சில நல்ல படங்கள் நமக்குக் காட்டுகின்றன.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மிஸ்டிக் ரிவர்’, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடக்கும் கதை. தெருவில் விளையாடும் மூன்று சிறுவர்கள், ஈரம் காயாத சிமெண்டில் தங்கள் பெயர்களை எழுதுகிறார்கள். மூன்றாவது சிறுவன் டேவ் தன் பெயரைப் பாதி எழுதும்போது, காவலர்கள் போல் நடித்த இருவர் அவனைக் காரில் ஏற்றிச் செல்கிறார்கள். அவர்களுள் ஒருவனின் விரலில் சிலுவை பொறித்த மோதிரம். நான்கு நாள்கள் கொடுமைக்கு உள்ளான பிறகு சிறுவன் தப்பி வருகிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. டேவுக்குத் திருமணமாகிறது, ஒரு மகனும் பிறக்கிறான். ஆனால் அவனுக்குள் இருக்கும் சிறுவன் இன்னும் அந்தக் காரைவிட்டு இறங்கவில்லை. சிமெண்டிலும் அவன் பெயர் பாதியிலேயே நிற்கிறது.

பின்னர் நண்பன் ஜிம்மியின் மகள் கொலை செய்யப்படுகிறாள். ஆத்திரத்தில் ஜிம்மி யாரைக் கொல்கிறான்? அந்தக் கொலையில் எந்தப் பங்கும் இல்லாத டேவை! சிறுவயதில் காயப்பட்டவன், வளர்ந்த பிறகு பழிவாங்கலுக்கும் பலியாகிறான். பழிக்குப் பழி நீதியாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

யார் பேசாமல் இருந்தது?

அதே பாஸ்டன் நகரில் நடந்த உண்மை நிகழ்ச்சியைச் சொல்வது ‘ஸ்பாட்லைட்’ (2015). அருள்பணியாளர்கள் சிலர் சிறாருக்குச் செய்த பாலியல் கொடுமைகளையும், அவர்களைத் தண்டிக்காமல் பங்கு விட்டுப் பங்கு மாற்றியதையும் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் 2002 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாஸ்டன் பேராயர் பதவி விலகினார். டாம் மெக்கார்த்தி இயக்கிய இந்தப் படம் 2016-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

இந்தப் படத்தில் கொடுமைக் காட்சி ஒன்றுகூட இல்லை. வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து, தங்களுக்குச் சிறுவயதில் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்! ‘யார் செய்தது?’ என்பதோடு படம் நிற்கவில்லை. ‘தெரிந்தும் பேசாமல் இருந்தது யார்?’ என்று கேட்கிறது. வழக்கறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. உறவினர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாளிதழுக்கே ஆண்டுகளுக்கு முன் தகவல் வந்தும் அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றத்தைச் செய்தவர் ஒருவர், மூடி மறைத்தவர் பலர்.

இது திருச்சபைக்கு எதிரான படம் என்று நம்மில் சிலர் கோபப்படலாம். ஆனால் வத்திக்கான் நாளிதழான ‘லொசர்வத்தோரே ரொமானோ’, இது கத்தோலிக்கத்துக்கு எதிரான படம் அல்ல என்றே எழுதியது. இத்தகைய குற்றங்களை வத்திக்கான் சார்பில் விசாரித்த மால்ட்டா பேராயர் சார்லஸ் ஷிக்லூனா, ஆயர்களும் கர்தினால்களும் இதைப் பார்க்க வேண்டும் என்றார். உண்மை திருச்சபையை அழிப்பதில்லை. மறைப்பதுதான் அழிக்கிறது.

தாமாரை யார் கேட்டார்கள்?

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தாவீதின் மகள் தாமாரை, வேறொரு தாய்க்குப் பிறந்த அவளுடைய சகோதரன் அம்னோன் கெடுத்துவிடுகிறான். தாமார் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு கதறுகிறாள். அண்ணன் அப்சலோம் அவளை வாய்மூடச் சொல்கிறான். தந்தை தாவீது கடுங்கோபம் கொள்கிறார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. ஈராண்டுகள் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்று பழிதீர்க்கிறான். தாமார் என்ன ஆனாள்? அண்ணன் வீட்டில் தனிமையில் வாடினாள் என்பதோடு விவிலியம் நிறுத்திக்கொள்கிறது.

மௌனம், செயலற்ற கோபம், பழிவாங்கல். மூன்றும் வேறு வேறு போலத் தெரிகின்றன. ஆனால் மூன்றிலும் காயப்பட்டவள் தனியாகத்தான் விடப்படுகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. நம் தமிழ்ப் படங்கள் பலவும் இதே வழியில்தான் சென்றிருக்கின்றன. குழந்தைக்குக் கொடுமை நடக்கும். கதாநாயகன் அரிவாளைத் தூக்குவான். அரங்கில் கைதட்டல் கேட்கும். அந்தக் குழந்தையை அதன்பின் நாம் பார்க்கவே மாட்டோம்.

மாறிவரும் நம் திரை

அண்மைக் காலத்தில் சில படங்கள் வேறு பாதையில் நடக்கின்றன. சு. அருண்குமார் இயக்கத்தில் சித்தார்த் நடித்த ‘சித்தா’ (2023), பயந்துபோய் வாய் திறக்க முடியாத ஒரு சிறுமியின் மௌனத்தைக் காட்டுகிறது. அந்த மௌனத்தால் குற்றமற்றவன்மேல் சந்தேகம் விழுகிறது. பழிதீர்க்கத் துடிப்பவனிடம், இப்போது குழந்தைக்குத் தேவை உன் கோபம் அல்ல, உன் அருகாமை என்பதை அந்தப் படம் உணர்த்துகிறது.

கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய ‘கார்கி’ (2022) இன்னும் கடினமான கேள்வியைக் கேட்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருக்கும் தன் தந்தை, ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் கைதானதும், மகள் கார்கி அவர் குற்றமற்றவர் என்று நம்பிப் போராடுகிறாள். ஊரே எதிர்த்தாலும் அசைவதில்லை. கடைசியில் தந்தை குற்றவாளி என்று அறியும்போது? அன்பு இருக்கிறது, ஆனாலும் உண்மையை மறைக்க அவள் மறுக்கிறாள். ‘நம்மவர்’ என்று யாரையெல்லாம் நாம் காப்பாற்றுகிறோம் என்று அவள் நம்மைப் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் கத்தோலிக்கர்களே கேட்டார்கள். சாரணர் முகாம்களில் ஓர் அருள்பணியாளரால் சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்கள், நடுத்தர வயதில் ஒன்றுகூடிப் பேசத் தொடங்கினார்கள். பிரான்சுவா ஓசோன் அதை 2019-இல் ‘கடவுளின் அருளால்’ என்ற படமாக்கினார். பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு கடவுள் அருளால் முடிந்துவிட்டது என்று அந்நகரின் கர்தினால் 2016-இல் தவறிச் சொன்ன வார்த்தையே படத்தின் தலைப்பாயிற்று. காலக்கெடு சட்டத்துக்கு உண்டு, காயத்துக்கு ஏது? பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவருக்கு வலிப்பு வருகிறது, நிலையான வேலை இல்லை. இன்னொருவர் ஐந்து பிள்ளைகளின் தந்தை, ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர். திருச்சபையை அழிக்க அல்ல, திருச்சபைக்காகவே பேசுகிறேன் என்பது அவர் நிலை. அந்த அருள்பணியாளர் 2019-இல் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். 2020-இல் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றத்தை அறிவிக்கவில்லை என்ற வழக்கில் முதலில் தண்டிக்கப்பட்ட கர்தினால், மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்.

நான் கேட்காத பெயர்

மற்றவர்களைப் பற்றியே எழுதிவிட்டுப் போக என் மனச்சான்று இடம் தரவில்லை. நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், ஒரு தாய் என்னிடம் வந்தார். தன் மகன் டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று அழுகிறான், அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னாலே நடுங்குகிறான் என்றார். அந்த மனிதர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். “அவரைப் பற்றித் தவறாக நினைக்காதீர்கள், ஜெபியுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பினேன். “சரி சாமி” என்று போய்விட்டார். மறுபடி அதைப் பற்றி அவர் பேசவில்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அந்தச் சிறுவனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ‘மிஸ்டிக் ரிவர்’ படத்தில் பாதியில் நின்ற பெயரைப் பார்த்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அவன்தான். அவனுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட சிறாரில் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களுள் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே இது எங்கோ பாஸ்டனிலும் லியோனிலும் மட்டும் நடப்பது அல்ல.

ஒன்று: பிள்ளை சொன்னால் நம்புங்கள். “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்காதீர்கள். “சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும், திடீர் பயத்தையும் அழுகையையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

இரண்டு: மறைக்காதீர்கள். 2012-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். செய்தவர் உறவினரானாலும், ஆசிரியரானாலும், அருள்பணியாளரானாலும் விதிவிலக்கு இல்லை. 1098 என்ற சிறார் உதவி எண்ணை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். அதே வேளையில் பிள்ளையின் பெயரை ஊரில் பரப்பாதீர்கள்.

மூன்று: பழைய காயத்தோடு வாழும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் அன்பியத்திலும் அவர்கள் இருக்கலாம். முப்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னாலும் பொறுமையாகக் கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் செல்லத் துணை நில்லுங்கள். உடனே மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சிறியோரை இடறச் செய்பவனுக்கு, கழுத்தில் எந்திரக்கல் கட்டப்பட்டுக் கடலில் ஆழ்த்தப்படுவதே மேல் என்று ஆண்டவர் எச்சரித்தார் (மத் 18:6). அதற்குமுன் அவர் செய்தது என்ன? ஒரு சிறு பிள்ளையை அழைத்து, சீடர்களின் நடுவில் நிறுத்தினார் (மத் 18:2). பெரியவர்களின் பெயரும் புகழும் அல்ல, பிள்ளையே அங்கு நடுவில் இருந்தது.

பாட்டி, உங்களுக்கு என் பதில் இதுதான். சிறு பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை. பெரியவர்கள் நாம் பார்ப்போம். பார்த்த பிறகு நம் வீட்டுப் பிள்ளையை அருகில் அழைத்து உட்காரவைத்து, அவன் சொல்வதை, அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்போம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். அன்று தரையைப் பார்த்தபடி இருந்தவர்களும் பேச விரும்பினால், கேட்க நான் காத்திருக்கிறேன்.