மறுப்பதும் செல்லாமல் ஆக்குவதும்

'நெகேட்' என்கிற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் உண்டு. இருப்பதை இல்லை என்று மறுப்பது ஒன்று. இருக்கிற ஒன்றின் வலுவைப் பிடுங்கி, அதைச் செல்லாமல் ஆக்குவது இன்னொன்று.

முதல் பொருளை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போனால் காதில் விழுவதே அதுதான். "முன்விரோதம்", "குடிபோதைத் தகராறு", "இதில் சாதி எங்கே வந்தது?" அடித்தவன் சாதிப் பெயரைச் சொல்லித்தான் அடித்திருப்பான். காகிதத்தில் மட்டும் சாதி இருக்காது.

இரண்டாவது பொருள் இன்னும் ஆபத்தானது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேண்டும், மற்றவர்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும் என்றது. வழக்குப் பதியும் முன்பே முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. முன்ஜாமீனைத் தடுக்கும் 18ஆம் பிரிவையும் தளர்த்தியது. சட்டம் அப்படியே இருந்தது, அதன் பல் மட்டும் பிடுங்கப்பட்டது.

ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு. வட மாநிலங்களில் நம் மக்கள் உயிரையும் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. எந்தத் தீர்ப்பு என்ன சொல்லியிருந்தாலும் முன்விசாரணையும் தேவையில்லை, கைதுக்கு அனுமதியும் தேவையில்லை என்றது அந்தப் பிரிவு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. செல்லாமல் ஆக்கியதைத் தெருவில் நின்று செல்லாமல் ஆக்கியவர்கள் நாம்.

மறுக்கிற வேலையை நாமும் செய்கிறோம். 'சாதி மறுப்புத் திருமணம்' என்கிறோமே, அது சாதி இல்லை என்று பாசாங்கு செய்வதல்ல. இருக்கிறது என்று தெரிந்தே, அதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்பது. அரசு இன்னமும் 'கலப்புத் திருமணம்' என்றே நிதியுதவித் திட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. கலப்பு என்றால், அதற்கு முன் சுத்தமாக இருந்தது எது என்று யாராவது சொல்லட்டும்!

18ஏ வந்த பிறகும் "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன. மனுவிலேயே அந்தப் பிரிவின் எண்ணை எழுதிக் கொடுங்கள், தோழர்களே. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.