அம்மாவுக்கும் சேர்த்துத்தான் ஆராய்ச்சியா?

துறையூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி. என்ன நடக்கும்? பத்தே நிமிடத்தில் வாசலில் கார் நிற்கும். திருச்சிக்குப் பறப்பார்கள்.

அதே வீட்டில் அம்மா, "முதுகு வலிக்குது, மூச்சு வாங்குது, குமட்டுது" என்றால்? "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிச்சிட்டுப் படு" என்பார்கள். அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொள்வார். அடுப்பில் உலை கொதிக்கிறதே!

வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ ஆராய்ச்சியும் பல காலம் அம்மாவை இப்படித்தான் நடத்தியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டையே பார்ப்போம். மாரடைப்பு வந்தவர்களைச் சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு பலன் தருகிறதா என்று இங்கே ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் முடிவு வெளியானது. நல்ல பலன்! ஓராண்டுக்குள் இறப்பவர்கள் விகிதம் குறைந்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அதில் இடம்பெற்ற 2,420 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 386. நூற்றுக்குப் பதினாறு!

பெண்களுக்கு மாரடைப்பு சில வருடங்கள் தள்ளித்தான் வருகிறது என்பது உண்மை. அது மட்டும்தான் காரணமா? ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களைத்தான் இப்படிப்பட்ட ஆய்வு எண்ண முடியும். சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை யார் எண்ணுவது?

ஆக, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, உடம்பு. ஆண் உடம்பும் பெண் உடம்பும் ஒரே மருந்தை ஒரே மாதிரி ஏற்பதில்லை. மற்றொன்று, வாழ்க்கை. கையில் காசு யாரிடம்? துணைக்கு வருவது யார்? "கிளம்பு, டாக்டரிடம் போகலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? நல்ல ஆராய்ச்சி இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உடம்பு விஷயத்துக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு உதாரணம். ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்குமா என்று 22,071 டாக்டர்களிடம் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்! "தடுக்கிறது" என்று 1989-ல் முடிவு வந்தது. பிறகு 39,876 பெண்களிடம் சோதித்து 2005-ல் வெளியிட்டபோது, மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம்தான் ஓரளவு குறைந்தது.

அடுத்தது, ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை. அங்கே 1992-ல் அனுமதி பெற்றது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013-ல். இருபது வருடம் கழித்து!

ஏன் இப்படி? வயிற்றில் பிள்ளை இருந்தால் ஆபத்தாகிவிடுமே என்ற பயம். 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-ல்தான் அதை மாற்றிக்கொண்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் சோதனையில் சேர்க்காமல் காப்பாற்றிவிட்டு, அதே மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிடச் சொல்வது என்ன காப்பாற்றல்?

"இப்போது பெண்களையும் சேர்க்கிறோமே" என்று சொன்னால் போதாது. ஆண், பெண் இருவரின் முடிவையும் தனித்தனியாக வெளியிட வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி சொன்னால் யாருக்குப் பொருந்தும்? ஆண்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. எலும்புத் தேய்மானம் பெண்கள் நோய் என்றே பேசிப் பேசி, வயதான ஆண்களைக் கவனிக்காமல் விடுகிறோம். படிவத்தில் இரண்டே கட்டம் போட்டால் திருநங்கைகளுக்கு எங்கே இடம்? நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளிலாவது இந்தக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் என்ன செய்யலாம்? புது மருந்து எழுதினால், "இது பெண்களுக்கும் இதே அளவுதானா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். டாக்டர் எழுதிய ஆஸ்பிரினையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவையும் சேர்ந்து வருவது அவர்களுக்கு அதிகம். சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். அப்படி இருந்தால் சோடா வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். உலையை யாராவது இறக்கிவைக்கட்டும்!